பக்கத்துக் கட்டில்

மார்ச் 28

அன்புள்ள டிக்கெட் அக்காவுக்கு,

வாய் ஓயாதவள் என்று நீங்கள் பெயர் வைத்த ரேடியோ எழுதிக்கொள்வது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலமாக இருப்பவர் மார்பு நோய் ஆஸ்பத்திரியில் பதினோராம் கட்டிலில் ஏன் கிடக்கப்போகிறார் என்று தோன்றியது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வீடு வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் குட்டி என் பக்கத்திலேயே வரவில்லை. அவளுடைய அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “இது யாரு?” என்றாள். இரண்டு மாதம்தான், அக்கா. நாலு வயசுப் பிள்ளைக்கு அது ஒரு ஜென்மம் போலிருக்கிறது. மூன்றாம் நாள் தானாகவே வந்து மடியில் உட்கார்ந்தாள். இப்போது இறங்கமாட்டேன் என்கிறாள். சளியில் கிருமி இல்லை, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதை நாத்தனாரிடம் மூன்று தரம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு என் தட்டையும் டம்ளரையும் தனியாகத்தான் கழுவுகிறாள். கழுவட்டும். எனக்கு ஒரு பாத்திரம் மிச்சம்.

அவர் பட்டறையிலிருந்து வந்ததும் கையைக்கூடக் கழுவாமல், “மாத்திரை போட்டியா?” என்றுதான் கேட்கிறார். கிரீஸ் கையோடு மாத்திரை அட்டையை வாங்கிப் பார்க்கிறார். அட்டை முழுக்க அவருடைய கட்டைவிரல் ரேகை. இன்னும் நாலு மாதம். ஒரு வேளைகூட விடமாட்டேன். கம்பெனியில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பழையபடி காலர் தைக்கும் பிரிவுதான்.

உங்களை விட்டுவிட்டு வந்ததுதான் உறுத்துகிறது. கூரை ஒழுகி என் தலைமாட்டில் சொட்டியபோது, இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டுக்கொண்டு அந்த மழை வாரம் முழுக்கப் பேசித் தீர்த்தோமே. ஜன்னலைத் திறக்க விடமாட்டேன் என்று எதிர்க் கட்டில் கிழவி சண்டை போட்டாளே. நீங்கள் இருமும்போது இப்போது யார் முதுகைத் தடவிவிடுகிறார்கள்? பெரிய லேபுக்கு அனுப்பிய சளிக்கு முடிவு வந்ததா? எழுதுங்கள்.

உங்கள்,
ரேடியோ


ஏப்ரல் 9

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் கடிதம் நாலு கை மாறி வந்து சேர்ந்தது. நான் இப்போது பதினோராம் கட்டிலில் இல்லை. பின்கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார ஆள் வராததால் என் துண்டு உட்கார்ந்திருக்கிறது.

முடிவு வந்துவிட்டது. டாக்டர் நின்றுகொண்டே சொன்னார். “வியாதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்மா. உங்க பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு இருந்தது மருந்துக்கு அடங்குற கிருமி. உங்களுக்கு இருக்கறது அடங்காதது.” லேபில் குப்பிகளில் மருந்தைக் கலந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பார்களாம். மருந்து இருந்த குப்பியில் உன்னுடையது செத்துப்போய்விட்டது. என்னுடையது மருந்தையே உரமாகப் போட்டதுபோல் வளர்ந்து நிற்கிறது. முக்கியமான இரண்டு மருந்துக்கும் அப்படித்தானாம். ஆக, இரண்டு மாதமாக நீயும் நானும் ஒரே மாத்திரையை விழுங்கி, நீ தேறினாய், நான் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

இனி வேறு மருந்து. ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம். முதல் ஆறு மாதத்துக்கு ஊசி உண்டு. ஊசி போட ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் காதுக்குள் ஒரு வண்டு குடிவந்துவிட்டது. சில பேருக்குக் காதே போய்விடும் என்று நர்ஸ் சொன்னாள். முப்பது வருஷமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஊர்ப்பெயரை முணுமுணுக்கிறவர்களிடம் காதைக் கொடுத்தே பிழைத்தவள் நான். காது போனால் ஸ்டேஷனில் என்னை வைத்து என்ன செய்வார்கள்?

தம்பி ஒரு தரம் வந்தான். வாசலிலேயே நின்று பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். டாக்டர் பழைய கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார், அலுப்பாக இருக்கிறது.

குட்டிக்கு என் முத்தம். நீ மாத்திரையை விடாதே.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. காலரைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்கு இது விளங்கவில்லை. பாதியில் மாத்திரையை விட்டவர்களுக்குத்தான் கிருமி அப்படி அடங்காமல் போகும் என்று நம் வார்டு நர்ஸ் பாடம் நடத்தினாரே. அரைகுறையாக அடிபட்ட பாம்பு மாதிரி என்றாரே. நீங்கள் வாழ்க்கையில் முதல் தரமாக மாத்திரை சாப்பிட்டவர். உங்களுக்கு எப்படி? நான் யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். எவனோ ஒருத்தன் பாதியில் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, உங்கள் ஜன்னலில் வந்து நின்று, முகத்துக்கு நேரே இருமிவிட்டு, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவன் நன்றாயிருப்பானா? அவன் கை விளங்காமல் போக. அவன் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு வந்தால்தான் அவனுக்குத் தெரியும். இப்படி எழுதக்கூடாதுதான், ஆனால் வயிறு எரிகிறது.

நான் நாலு கிலோ கூடியிருக்கிறேன். ரவிக்கை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது. தையற்காரிக்கே இந்தக் கதி. குட்டி ராத்திரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். அவள் மூச்சு என் முகத்தில் படும். அதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்.

காதை நர்ஸிடம் காட்டுங்கள். சும்மா இருக்காதீர்கள்.

உங்கள்,
ரேடியோ


மே 15

அன்புள்ள ரேடியோவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்.

யாரையும் சபிக்காதே. அவரவர் என்ன நிலைமையில் என்ன செய்தார்களோ.

இந்த நடைவழியில் எட்டு அறை. இரண்டாம் அறையில் இருந்த பெண் போன வாரம் போய்விட்டாள். வீட்டுக்கு இல்லை. மருந்து வாடை போக இரண்டு நாள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பிறகு மெத்தை மாற்றினார்கள்.

உனக்கு இருமல் ஏதாவது இருக்கிறதா? சாயங்காலத்தில் உடம்பு சுடுகிறதா? பசி எப்படி? எடை ஒரு கிலோ குறைந்தாலும் போய்ச் சளி கொடு. பழைய மாத்திரைதான் சாப்பிடுகிறேனே என்று இருந்துவிடாதே. குட்டி தனியாகப் படுத்துப் பழகட்டுமே, வளர்கிற பிள்ளைதானே. அடுத்த கடிதத்தில் இருமலைப் பற்றி மறக்காமல் எழுது.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வாய்முகூர்த்தமோ என்னவோ, இருமல் வந்துவிட்டது. ஜூன் தொடக்கத்தில் லேசாக ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்தேன். போன வாரம் கைக்குட்டையில் ரத்தம். கூடின நாலு கிலோவும் போய், மேலே இரண்டும் போய்விட்டது.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா என் சளியைப் பார்த்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். ஆறு மாதம் முடியப்போகிற சமயத்தில் மறுபடி கிருமி தெரிகிறதாம். “உண்மையைச் சொல்லு, எத்தனை நாள் விட்டே?” என்றார். ஒரு வேளைகூட விடவில்லை என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க” என்றார். அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அக்கா. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் இவரும் அதே கேள்வி. அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாத்திரையைப் பிரித்துச் சாக்கடையில் போட்டிருப்பாய் என்று நாத்தனார் சொன்னாள். இவர் அவளை அதட்டவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதும் இல்லை. கம்பெனியிலும் நிறுத்திவிட்டார்கள்.

சளியைப் பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஆறு வாரம். அதுவரை அதே மாத்திரைதான். குட்டி தனியாகப் படுக்கமாட்டேன் என்கிறாள், நானும் எத்தனை தரம்தான் அவளை விலக்குவது? இரண்டு நாளாக அவளும் இருமுகிறாள். மழைச்சளியாக இருக்கும்.

நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். சண்டைக்காரர்கள் காலில் எல்லாம் விழுந்து பார்த்துவிட்டேன். இனி சாட்சி நீங்கள்தான். வார்டில் நான் எப்படிச் சாப்பிட்டேன், வாந்தி எடுத்த அன்றுகூட எப்படித் திரும்பக் கேட்டு வாங்கி விழுங்கினேன் என்று பார்த்தவர் நீங்கள். இவருக்கு நாலு வரி எழுதுங்கள். ‘இவள் பொய் சொல்கிறவள் இல்லை’ என்று ஒரு வரி எழுதினாலும் போதும். உங்கள் எழுத்துக்கு மரியாதை கொடுப்பார்.

உங்களையே நம்பியிருக்கும்,
ரேடியோ


ஜூலை 10

ரேடியோ,

முதலில் இதைச் செய். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே குட்டியை வேறு இடத்தில் படுக்க வை. ஜன்னல்களைத் திறந்து போடு. நாளைக் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கே வா, அந்தச் சுகாதார நிலையம் வேண்டாம். டாக்டரிடம் பேசிவிட்டேன். உனக்காகக் காத்திருப்பார். இதற்கு மேல் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

படிக்கிறாய் என்றால் சொல்கிறேன்.

நீ மாத்திரையை விடவில்லை. விட்டவள் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்த வியாதி வந்தது. வேறு ஒரு இடத்தில் பார்த்தேன், அட்டை கொடுத்தார்கள். அட்டையை ஸ்டேஷனில் யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாளே என்னை ஜன்னலிலிருந்து எடுத்து, பின்னால் பார்சல் கட்டுகிற அறையில் உட்கார வைத்தார்கள். என் டீ மட்டும் ஒரு தனி டம்ளரில் வாசலில் வைக்கப்பட்டிருக்கும். மூன்றாம் மாதம் இருமல் நின்றது, முகத்தில் சதை பிடித்தது. குணமாகிவிட்டது என்று சொல்லி அட்டையைக் கிழித்துப் போட்டேன். என் ஜன்னலைத் திரும்பக் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

ஜனவரியில் நாம் சேர்ந்த அன்று வரிசையில் நீ எனக்குப் பின்னால் நின்றாய். எனக்கு முன்னால் நின்றவளிடம் சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள், “இதுக்கு முன்னாடி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?” அவள் ஆமாம் என்றாள். அவளைத் தனியாகப் பின்கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடமும் அதே கேள்வி. நான் “இல்லை” என்று சொன்னேன். அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். பார்சல் அறை ஞாபகம் வந்தது. மறுபடியும் தனியாகப் போக முடியாது என்று நினைத்தேன். பதினோராம் கட்டில் கிடைத்தது. பத்தாம் கட்டிலுக்கு நீ வந்தாய். இரண்டு மாதம் என் இருமலுக்கு முகத்தை நேராக வைத்துக்கொண்டு முதுகைத் தடவினாய்.

உன்னுடைய கிருமியை உன் மாத்திரைகள் கொன்றுவிட்டன. காலியான இடத்தில் என்னுடையது வந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டர் சொன்னது இது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான். உன் கடிதம் வந்த பிறகு நேற்றுக் காலை பதில் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு, “இதை ஜனவரியிலயே சொல்லியிருந்தா...” என்றார். பிறகு அந்த வார்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதச் சொன்னார். மொத்தம் பதினாறு பேர்.

நான் உனக்குச் சாட்சிக்காரி இல்லை. உன் சண்டைக்காரி நான்தான். இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரரிடம் கொடு. நர்ஸம்மாவிடம் காட்டு. உன் நாத்தனாருக்கு உரக்கப் படித்துக் காட்டு.

உன் அக்கா என்று எழுதத் தகுதியில்லை.


ஆகஸ்ட் 25

ரேடியோ,

நாலு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பதில் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

இதைத் தபாலில் போடவில்லை. துடைக்க வருகிற அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏழாம் அறைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், சின்ன வயசு, தையல் வேலைக்காரி என்று அந்த அம்மா சொன்னதும் தெரிந்துவிட்டது. லேபிலிருந்து முடிவு வந்திருக்கும். என்னுடையதைப் போலவே அச்சாக இருந்திருக்கும்.

மூன்று நாளாகக் கதவருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ நர்ஸோடு பேசுகிறாயா என்று கேட்கப் பார்க்கிறேன். இடது காது முழுக்கப் போய்விட்டது, வலதில் பாதி மிச்சம். ஒன்றும் விளங்கவில்லை. முந்தாநாள் நீ நடையில் போனாய். நான் கதவைத் திறப்பதற்குள் திரும்பிக்கொண்டாய். நல்லது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குட்டி எப்படி இருக்கிறாள்? அந்த இருமல் மழைச்சளிதானே? அதை மட்டும் சொல். யாரைக் கேட்டாலும் எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். அடித்ததும் உனக்குத் தெரியட்டும். எனக்கு இனிமேல் எதற்கு மருந்தும் மாத்திரையும்? மற்றவர்களுக்காவது அவை பயன்படட்டும்.

மூன்றாம் அறை


செப்டம்பர் 3

அக்காவுக்கு,

இந்த ஒரு கடிதம்தான் எழுதுவேன். எல்லாவற்றையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் நீங்கள் எழுதியதை இவரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். பிறகு வெளியே போய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிட வரவில்லை. மறுநாள் நர்ஸம்மா வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் என் டம்ளரில் அவளே தண்ணீர் குடித்துக் காட்டப் பார்த்தாள். வேண்டாம் என்று பிடுங்கினேன். ஆக, என் பெயர் கெடவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமானால் சொல்கிறேன்.

குட்டியைக் கேட்டீர்கள். மழைச்சளி இல்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் நிழல். அவளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது. அதனால் காலையில் வெறும் வயிற்றோடு மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுத்தார்கள், மூன்று நாள். நான் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று அத்தை பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அதே அடங்காத கிருமி. குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். உங்களுக்குப் போட்ட அதே ஊசிதான் அவளுக்கும். மாதம் ஒரு தரம் காதில் எதையோ மாட்டிச் சோதிக்கிறார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவளுக்கு அது விளையாட்டு. கேட்காவிட்டாலும் தூக்குகிறாளாம்.

ஜனவரியில் நீங்கள் சொன்ன பொய்யைப் பற்றி நிறைய யோசித்தேன். பயத்தில் சொன்னீர்கள். அந்த வரிசையில் உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதை என்னால் ஒரு மாதிரி விழுங்க முடிகிறது. மே மாதக் கடிதம்தான் தொண்டையில் நிற்கிறது. ‘இருமல் இருக்கிறதா’ என்று கேட்டீர்களே, குட்டி தனியாகப் படுக்கட்டும் என்றீர்களே. அப்போதே உங்களுக்குத் தெரியும். காரணத்தை ஒரு வரியில் எழுதியிருந்தால் மேயிலேயே அவளை அத்தையோடு படுக்க வைத்திருப்பேன். ஜூன் முழுக்க அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள். தேடிப் பார்த்தேன், என்னிடம் இல்லை.

இதை எழுதக் காரணம் வேறு. நீங்கள் ஆறு நாளாக மாத்திரையை மறுக்கிறீர்கள், ஊசிக்கும் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்கள் என்று நர்ஸ் சொன்னார். பிராயச்சித்தம் என்று நினைத்துச் செய்கிறீர்களோ என்னவோ. ஒரு தரம் பாதியில் விட்டதற்குத்தான் இத்தனையும். மறுபடியும் விட்டால் மிச்சம் இருக்கிற மருந்துக்கும் அது அடங்காமல் போகும். அந்தக் காற்றுதான் இந்த நடையில் எனக்கும் வரும். துடைக்க வருகிற அந்த அம்மாவுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் கடிதத்தை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

நீங்கள் சாகக் கூடாது. நீங்கள் போய்விட்டால் நான் யார்மேல் கோபப்படுவது? குட்டியின் காதுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது? நான் கோபப்பட்டு முடிகிறவரைக்கும் நீங்கள் இருந்தாக வேண்டும். அது எத்தனை வருஷமோ தெரியாது.

நாளைக் காலை எட்டு மணிக்கு மாத்திரை கொண்டுவருவார்கள். பதினாலு மாத்திரை, எனக்கும் அதே எண்ணிக்கைதான். சாப்பிடுங்கள். சாப்பிட்டீர்களா என்று நான் நர்ஸிடம் கேட்பேன், தினமும் கேட்பேன்.

எனக்கு எழுத வேண்டாம்.

ஏழாம் அறை